ஒரு பட்டை சேர்த்தால் போதுமா?

பின்பக்கம் உட்கார்ந்துபோன ஒரு பழைய குட்டி யானை பட்டறை வாசலில் வந்து நிற்கிறது. டிரைவர் இறங்குகிறார். மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே தீர்ப்பு வந்துவிடுகிறது.

"பட்டை படுத்துருச்சுண்ணே. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேத்துப் போட்டுரலாம். சாயங்காலமே லோடு ஏத்திரலாம்."

"புதுசா மாத்தணும்னா?"

"எதுக்குண்ணே வெட்டியா காசு? சேத்துட்டா கல்லு மாதிரி நிக்கும்."

தமிழ்நாட்டில் எந்த ஊர் பைபாஸில் நின்றாலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. கல்லு மாதிரி நிக்கும் என்று அவர் சொல்வதும் பொய் இல்லை. சிக்கலே அதுதான். ஸ்பிரிங் என்பது கல்லு மாதிரி நிற்பதற்காக வைத்த பொருள் அல்ல!

குட்டி யானை என்று ஊரே கூப்பிடுகிற டாடா ஏஸ் 2005-இல் வந்தது. முதலில் வந்த வண்டிகளில் இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைசக்தி. ஏற்றலாம் என்று கம்பெனி சொன்ன எடை 750 கிலோ. அதாவது முக்கால் டன். ஆரம்பத்தில் வந்த வண்டிகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. தக்காளி, தண்ணீர் கேன், வீடு காலி செய்கிற சாமான், கல்யாண மண்டபத்து நாற்காலி, கூட்டத்துக்கு ஆள் (இது சட்டப்படி கூடாது, ஆனாலும் நடக்கிறது) என்று எல்லாவற்றையும் சுமந்த வண்டிகள் அவை. அவற்றின் கீழே குனிந்து பார்த்தால் பட்டைக் கட்டில் ஒன்று மட்டும் நிறம் வேறாக, தடிமன் வேறாக இருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். அது கம்பெனி கொடுத்தது அல்ல. நடுவில் வந்து சேர்ந்தது.

இந்தச் சேர்ப்பு வேலை தப்பு என்பதுதான் இங்கே வாதம். உட்கார்ந்துபோன பட்டைக்கு வைத்தியம், அந்த வண்டிக்கென்று உள்ள முழுக் கட்டையும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது. மற்றதெல்லாம் வலியை இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிடுகிற வேலை. அந்த "இன்னோர் இடம்" பெரும்பாலும் பிரேக்கும் டயரும். மெக்கானிக்குகள் அனுபவசாலிகள், அவர்களுக்குத் தெரியாததா என்று கேட்கலாம். பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்கிறார்கள் என்பதற்குக் கடைசியில் வரலாம். முதலில் பட்டை ஏன் படுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஹூக் விதி படித்தவர்களுக்கு மீட்சி எல்லை என்ற சொல் ஞாபகம் இருக்கும் (பரீட்சை முடிந்ததும் மறந்துபோனவர்கள் மன்னிக்க). அந்த எல்லைக்குள் வளைத்தால் இரும்பு பழைய உருவத்துக்குத் திரும்பும். எல்லையைத் தாண்டினால் கொஞ்சம் வளைவு நிரந்தரமாக அதிலேயே தங்கிவிடும். முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் குதிக்கும்போது பட்டைக்கு நடப்பது இந்த இரண்டாவது விஷயம். ஒரே நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு குழியிலும் துளித்துளியாக வளைவு போய், கடைசியில் வில் மாதிரி இருந்த பட்டை ஸ்கேல் மாதிரி நேராகிவிடுகிறது.

இங்கேதான் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிற ஓர் இடம் இருக்கிறது. படுத்துப்போன பட்டை "வலுவிழந்துவிட்டது", "தளர்ந்துவிட்டது" என்று சொல்வார்கள். உண்மையில் பட்டை விரியாமல், துருவில் மெலியாமல் இருந்தால் அதன் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எஃகின் யங் குணகம் பழசானதால் குறைந்துவிடாது. நூறு கிலோ கூடுதலாக வைத்தால் புதுப் பட்டை எவ்வளவு இறங்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் பழசும் இறங்கும். போனது விறைப்பு அல்ல, உயரம். வண்டி முன்பைவிடத் தாழ்வாக நிற்கிறது. அதனால் மேலே போக இருந்த இடம் குறைந்துவிட்டது. லோடு ஏற்றி ஒரு பள்ளத்தில் விட்டால் ஆக்சில் நேராகப் போய் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கிறது. 'டம்' என்று வரும் அந்தச் சத்தத்தைத்தான் டிரைவர்கள் பட்டை தளர்ந்த சத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆக, தொலைந்தது உயரம். ஆனால் பட்டை சேர்ப்பவர் கொடுப்பதோ விறைப்பு. நோய் ஒன்று, மருந்து வேறு.

எவ்வளவு விறைப்பு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே தடிமனில் ஏழு பட்டை உள்ள கட்டில் எட்டாவதாக அதே தடிமனில் ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடும். பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் பட்டறையில் கிடைப்பது அதே தடிமன் பட்டையாக இருப்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் பெரிய வண்டியில் கழற்றிப் போட்ட துண்டு ஒன்றை அளவுக்கு வெட்டிச் சேர்ப்பார்கள். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. 8 மில்லிமீட்டர் பட்டைகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் பட்டை ஒன்று உட்கார்ந்தால் அது ஒன்றே ஏறக்குறைய இரண்டு பட்டைக்குச் சமம். பார்வைக்கு இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் ஒன்றுமே இல்லை!

தடித்த பட்டையால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே அளவுக்கு வளைக்கும்போது மெல்லியதைவிடத் தடித்ததின் மேற்பரப்பில் இழுவிசை அதிகம். அதனால் பலசாலி போல வந்த அந்தப் பட்டை முதலில் விரிசல் விடலாம். அது தப்பித்தாலும் பக்கத்தில் இருப்பவை தப்பிப்பதில்லை. குட்டையான, விறைத்த பட்டை எந்த இடத்தில் முடிகிறதோ, சரியாக அந்த இடத்தில் மேலே உள்ள நீளப் பட்டைகள் மடங்க ஆரம்பிக்கும். முன்பு முழு நீளத்துக்கும் பரவி இருந்த வளைவு ஒரே கோட்டில் வந்து சேர்கிறது. மெயின் பட்டை உடைந்த வண்டிகளில் உடைந்த இடத்தை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

சேர்க்காமல், இருக்கிற பட்டையையே கழற்றி, அடித்து, வளைவை மீட்டுக் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. செலவு குறைவு. பார்க்கவும் அழகாக இருக்கும், புது வில் போல. ஆனால் தொழிற்சாலையில் பட்டைக்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் இதன் அபத்தம் புரியும். சிலிக்கன், மாங்கனீசு, குரோமியம் போன்றவை கலந்த ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கி வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பிறகு பட்டையின் மேல் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை அமுக்கி வைக்கிறார்கள், விரிசல் எளிதில் தொடங்காமல் இருக்க. கடைசியாக ஒரு வேலை நடக்கிறது, அதுதான் முக்கியம். தேவைக்கு மேலேயே கொஞ்சம் வளைவு வைத்துச் செய்த ஸ்பிரிங்கை, வண்டியில் வரக்கூடிய சுமையைவிட அதிகமாக ஒருமுறை அமுக்கி விடுகிறார்கள். படுக்க வேண்டியதை அங்கேயே படுத்துவிடட்டும், ரோட்டில் போய்ப் படுக்க வேண்டாம் என்பதற்காக. இப்படி அமுக்கியதால் பட்டைக்குள் தங்குகிற அழுத்தம், பின்னால் வரும் சுமைக்கு எதிராக வேலை செய்கிறது.

சம்மட்டியால் அடித்து வளைப்பவர் செய்வது இதற்கு நேர் எதிர்த் திசை. உள்ளே இருந்த நல்ல அழுத்தம் போய், சுமைக்குத் துணைபோகிற அழுத்தம் வந்துவிடுகிறது. பட்டை சீக்கிரமே திரும்பவும் படுக்கிறது. உலையில் சுட்டு அடித்தால் இன்னும் மோசம். எவ்வளவு சூடு, எப்படிக் குளிர்ந்தது என்பதற்குக் கணக்கே இல்லாமல் போகிறது. ஒரே பட்டையில் ஓர் இடம் மெத்தென்றும் இன்னோர் இடம் கண்ணாடி மாதிரியும் ஆகலாம். தீவாளிக்கு வளைத்த பட்டை பொங்கலுக்குள் நேராகிவிட்டது என்று புலம்புகிற டிரைவரை மெக்கானிக் ஏமாற்றவில்லை. இரும்பு அதன் குணத்தைக் காட்டியது, அவ்வளவுதான்.

சரி, உயரம் கிடைத்துவிட்டது, வண்டி நிமிர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன ஆகும்? ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி 14 கிலோ கணக்கில் போகும். பெட்டியின் சொந்த எடையைச் சேர்க்காமலே 53 பெட்டியோடு முக்கால் டன் முடிந்துவிடுகிறது. பட்டை படுத்திருந்தபோது 60 பெட்டி ஏற்றினாலே வண்டி முனகும், டிரைவருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும். பட்டை சேர்த்த பிறகு 80 பெட்டி ஏற்றினாலும் வண்டி நிமிர்ந்தே நிற்கிறது. 80 பெட்டி என்றால் 1120 கிலோ. பார்க்கிற யாருக்கும், ஏற்றுகிற லோடுமேனுக்கும்கூட, வண்டி "தாங்குகிறது" என்றுதான் தோன்றும்.

தாங்குவது பட்டை மட்டும். வீல் பேரிங்குக்குச் சுமை குறையவில்லை. ஆக்சிலுக்குக் குறையவில்லை. அந்தப் பன்னிரண்டு இஞ்ச் டயருக்குக் குறையவில்லை. சேஸிஸில் பட்டை மாட்டியிருக்கிற பிராக்கெட்டுக்கு முன்பைவிட அடி அதிகம், ஏனென்றால் குழியில் விழுந்த அதிர்ச்சியை உறிஞ்ச வேண்டிய பட்டை இப்போது அப்படியே மேலே கடத்துகிறது. வண்டியில் அதிகச் சுமைக்கு முதலில் முகம் காட்டுவது ஸ்பிரிங்தான். அது குனிந்து "போதும்" என்கிறது. பட்டை சேர்ப்பது என்றால் அந்த வாயை அடைப்பது.

இப்போது பிரேக். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய விஷயம், பட்டறையில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். சரக்கு இல்லாதபோது பிக்கப்பின் பின்பக்கம் லேசாக இருக்கும். அப்போது பின் பிரேக்கை முழு வேகத்தில் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சரக்கு ஏற்றினால் அதே பின் பிரேக் பலமாகப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் சமாளிக்கப் பல பிக்கப்புகளில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பழைய ஜப்பானிய வண்டிகளில் இது பிரசித்தம், இந்திய பிக்கப்புகள் சிலவற்றிலும் உண்டு. வால்வு சேஸிஸில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். பாடி தாழ்ந்தால் கம்பி வால்வைத் திறந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். பாடி உயர்ந்தால் குறைக்கும். அந்த வால்வுக்கு எடை பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உயரம் மட்டும்.

பட்டை சேர்த்த வண்டியில் ஒரு டன்னுக்கு மேல் சரக்கு இருந்தும் பாடி தாழவில்லை. வால்வு "வண்டி காலி" என்று நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்கிறது. எந்த நாளில் பின் பிரேக் மிக அதிகமாகத் தேவையோ, அந்த நாளில்தான் அது குறைகிறது. பழனி மலைப் பாதையிலிருந்து சரக்கோடு இறங்குகிற வண்டியில் முன் பிரேக் மட்டும் எல்லாவற்றையும் சுமந்து சூடேறிக்கொண்டு வருவதை யோசித்துப் பார்த்தால் போதும்.

சேர்க்காமல் படுத்த பட்டையோடு அப்படியே ஓட்டினாலும் இதே வால்வு வேறு விதமாகக் கெடுக்கும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதும் பாடி தாழ்ந்தே இருப்பதால், "முழு லோடு" என்று நினைத்துப் பின் பிரேக்குக்கு அள்ளிக் கொடுக்கும். மழையில் ஒரு மிதி மிதித்தால் பின்பக்கம் முன்னே வந்துவிடும். ஆகவே படுத்ததை அப்படியே விடுவதும் வழியல்ல, சேர்ப்பதும் வழியல்ல. வால்வு எந்த உயரத்துக்கு அமைக்கப்பட்டதோ அந்த உயரமும் அந்த விறைப்பும் திரும்பி வந்தால்தான் அது உண்மை பேசும்.

ஹெட்லைட்டைப் பற்றி ஒரு வரி. பின்பக்கம் படுத்த வண்டியின் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். இரவில் எதிரே பைக்கில் வருபவர் கண்ணை மூடிக்கொள்வது ஹைபீமால் மட்டும் அல்ல.

உடைந்த பட்டை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2014 நவம்பரில் டொயோட்டா, 2005 முதல் 2011 வரையிலான டகோமா பிக்கப்புகளில் சுமார் 6,90,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் பின்பக்கப் பட்டைகள். அழுத்தமும் துருவும் சேர்ந்து பட்டை முறியலாம், முறிந்த துண்டு இடம் மாறிப் பக்கத்தில் உள்ள பாகங்களில் படலாம், பெட்ரோல் டேங்கிலும் படலாம், கசிந்தால் தீப்பிடிக்கலாம் என்று அறிவித்தார்கள். ஒரு பட்டை உடைவது "சத்தம் வருதுண்ணே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்கிற விஷயம் அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கம்பெனியே கூப்பிட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. இருபது வயதுக் குட்டி யானைக்கு அப்படி யாரும் கடிதம் போடப் போவதில்லை. அதன் பட்டை படுத்தது வடிவமைப்புக் கோளாறால் அல்ல, 80 பெட்டியால்.

இங்கேதான் காசு பேச வேண்டும். பட்டை சேர்ப்பதை அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். படித்தவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் அந்த டிரைவர் முட்டாள் இல்லை. வண்டி அவருடையது, கடனும் அவருடையது. வாடகை பெரும்பாலும் டிரிப்புக்கு அல்லது பெட்டிக்கு. 53 பெட்டிதான் ஏற்றுவேன் என்று சொன்னால் மண்டிக்காரர் சண்டை போட மாட்டார். அடுத்த வண்டியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். முழுக் கட்டு மாற்றினால் கைச்செலவும் போய் ஒரு நாள் ஓட்டமும் போகும். சேர்த்தால் சாயங்காலமே லோடு. இந்தக் கணக்கில் பட்டை சேர்ப்பது ஜெயிப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மெக்கானிக்கின் நிலையும் அதுதான். "முழுசா மாத்துங்க" என்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போகிறார். அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் சேர்க்காத செலவுகள் இருக்கின்றன. டயர் சீக்கிரம் தேய்வது, பேரிங் போவது, பிராக்கெட்டில் வெல்டிங் விடுவது, காலியாகத் திரும்பும்போது வண்டி தவளை மாதிரி குதித்துக் குதித்து இடுப்பு போவது என்று எல்லாம் தனித்தனி பில்லாக, தனித்தனி மாதத்தில் வருவதால் யாரும் அவற்றைப் பட்டையோடு முடிச்சுப் போடுவதில்லை. தக்காளியே நசுங்கிப் போகிறது. விறைத்த பட்டையில் அடிப் பெட்டி வாங்குகிற குத்தை மண்டியில் "கழிவு" என்று எழுதிக்கொள்கிறார்கள்.

சட்டத்தில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் தனி, இறக்காமல் வண்டி நகரக் கூடாது. இந்தப் பிரிவு ஓட்டுபவரை மட்டும் பேசவில்லை. ஓட்ட வைப்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் ரோட்டில் கைகாட்டி நிறுத்தினால் அகப்படுவது ஸ்டியரிங் பிடித்திருப்பவர். 80 பெட்டியை ஏற்றச் சொன்னவர் மண்டியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சொற்களை மண்டி வாசல் வரைக்கும் கொண்டுபோனால் பட்டறையில் பாதிப் பட்டைகள் சேர்க்க ஆள் இல்லாமல் கிடக்கும்.

எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. உண்டு. பெயின்ட், ஒளிரும் பட்டை ஸ்டிக்கர், நம்பர் பிளேட் எல்லாம் பளபளவென்று போய் நிற்கும். (ஸ்டிக்கர் பட்டைக்கு இருக்கிற மரியாதை இரும்புப் பட்டைக்கு இல்லை.) கீழே படுத்து பட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றும் ஒரே தடிமனா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? வண்டிக்குள் நடந்த எல்லாக் கதையையும் அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

எல்லாச் சேர்ப்பும் குற்றம் என்றும் சொல்ல முடியாது. ஓடுகிற வழியில் ஒரு பட்டை முறிந்து, கட்டின் மற்ற பட்டைகள் நல்ல வளைவோடு இருந்தால், அதே நீளம், அதே தடிமன், அதே வளைவில் ஒன்றைப் போட்டு மாற்றுவது நியாயமான வேலை. அது சேர்ப்பு இல்லை, இருந்ததைத் திருப்பி வைப்பது. அதேபோல் கம்பெனியே அதிகச் சுமைக்கென்று கொடுக்கிற மாடல்கள் உண்டு. ஆனால் அவற்றில் பட்டையோடு ஆக்சில், டயர், பிரேக் எல்லாமே சேர்ந்து மாறியிருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் எடையும் மாறியிருக்கும். பட்டறையில் மாறுவது பட்டை மட்டும்தான். ஆர்.சி.யில் உள்ள எடை அப்படியே இருக்கிறது.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் அதையும் அரைகுறையாகச் செய்யக்கூடாது. முதலில், உண்மையிலேயே படுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து பாடியின் கீழ் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் தெரியும். பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கிப் பளபளத்திருந்தால் ஆக்சில் அடிக்கடி அங்கே போய் வருகிறது என்று அர்த்தம். விரிசலைத் தேட வேண்டிய இடங்கள், சென்டர் போல்ட் போகிற ஓட்டையும் மெயின் பட்டையின் சுருண்ட கண்ணும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வீண். புதுசும் பழசும் ஒரே ஆக்சிலில் இருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். கட்டோடு யூ போல்ட்டுகளையும் புதுசாகப் போட வேண்டும். ஒருமுறை முறுக்கி இழுபட்ட போல்ட் மறுபடி அதே இறுக்கத்தைப் பிடிக்காது. யூ போல்ட் தளர்ந்தால் பட்டைகள் வழுக்கும், சுமையெல்லாம் அந்தச் சின்ன சென்டர் போல்ட்டில் விழும், அது வெட்டுப்பட்டால் ஆக்சில் இடம் நகரும். பின்னாலிருந்து பார்த்தால் நாய் ஓடுவது போலச் சாய்வாக ஓடுகிற வண்டிகள் சிலவற்றின் கதை இதுதான். ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில், ஜாக்கியில் தொங்கவிட்டபடியே ஷேக்கிள் போல்ட்டுகளை முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, தன் எடையில் நிற்கவைத்த பிறகுதான் கடைசி இறுக்கம். இல்லாவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வேலை நடக்கும்போது சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் இருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுப்பது, எத்தனை வருட சர்வீஸ் இருந்தாலும், தைரியம் இல்லை. பட்டைகளுக்கு நடுவே கழிவு ஆயிலை ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம், ரப்பர் புஷ்ஷுக்கு அது எமன். உயரம் மாறியதால் பிரேக் வால்வு உள்ள வண்டிகளில் அதன் கம்பியை மேனுவலில் சொன்ன அளவுக்குச் சரிபார்க்க வேண்டும், ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப வந்து யூ போல்ட்டை இறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் கொஞ்சம் விட்டுப்போகும். இந்த ஒரு வேலைக்குத் திரும்ப வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

முழுக் கட்டு மாற்றிய குட்டி யானை பட்டறையை விட்டு வெளியே வரும்போது நல்ல உயரத்தில் நிற்கும். குழியில் இறங்கினால் 'டம்' சத்தம் இருக்காது. டிரைவருக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷம். அடுத்த நாள் விடிகாலை மண்டியில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது, ஏற்றுகிறவர் பாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்பார்.

"அட, பட்டை மாத்திட்டீங்களாண்ணே? அப்ப இன்னைக்கு நூறு பெட்டி ஏத்தலாம்ல?"

"இல்ல தம்பி. அம்பத்திமூணு."